தவணையில் ஓடும் காருக்குத் தேய்ந்த பிரேக்கைக் குறைந்த செலவில் மாற்றுவது எப்படி?

கொடிவேரியான்:

அனைவருக்கும் வணக்கம். 2019ஆம் ஆண்டு மாடல் சிறிய ஹேட்ச்பேக் கார் ஒன்றை, தனியார் நிதி நிறுவனத்தில் கடன் பெற்று, செகண்ட் ஹேண்டில் வாங்கி ஓட்டி வருகிறேன். பெட்ரோல் எஞ்சின், சாதாரண கியர், முன்சக்கரங்களில் டிஸ்க், பின்சக்கரங்களில் டிரம். ஆர்.சி.யில் நிதி நிறுவனத்தின் பெயரில் அடமானப் பதிவு இருக்கிறது. தவணை முடிய இன்னும் மூன்று ஆண்டுகள் உள்ளன. வேலை கோபிசெட்டிபாளையத்தில் என்றாலும், மனைவியின் குடும்பம் தாளவாடியில் இருப்பதால் மாதம் தவறாமல் திம்பம் மலைப்பாதையில் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது.

சில வாரங்களாக முன்சக்கரத்தில் பிரேக் மிதிக்கும்போது மெல்லிய கீச்சொலி கேட்கிறது. கம்பெனி அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர் ஒன்றில் காட்டியபோது பின்வரும் எஸ்டிமேட்டைக் கொடுத்தார்கள்: முன் பிரேக் பேட் 2,900 ரூபாய், முன் டிஸ்க் இரண்டு 5,400, பின் பிரேக் ஷூ 2,300, பின் டிரம் இரண்டு 4,200, பிரேக் ஆயில் மாற்றம் 1,100, கேலிப்பர் சுத்தம் செய்ய 1,300, கூலி 2,200, ஆக மொத்தம் 19,400 ரூபாய். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால்தான் பாதுகாப்பு என்கிறார்கள். தவணை, பள்ளிக் கட்டணம் எல்லாம் போக இந்தத் தொகையை இம்மாதம் புரட்டுவது எனக்கு இயலாது.

என் ஐயங்கள் மூன்று. இவற்றில் எவற்றை இப்போதே செய்தாக வேண்டும், எவை பொறுக்கும்? கடன் நிலுவையில் இருக்கும் காரை வெளி மெக்கானிக்கிடம் கொடுத்து, கம்பெனி முத்திரை இல்லாத பாகங்களைப் போட்டால் நிதி நிறுவனமோ இன்சூரன்ஸ் நிறுவனமோ பின்னால் சிக்கல் செய்ய முடியுமா? அந்த நிதி நிறுவனமே கைப்பேசியில் அழைத்து, இருக்கும் கடனோடு சேர்த்து ‘டாப்-அப்’ எனும் கூடுதல் கடன் தருவதாகச் சொல்கிறது. அதை வாங்கிச் செலவை முடித்துவிடலாமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

பட்டறைத்திண்ணை:

வணக்கம் ஐயா. ஈரோட்டில் பல ஆண்டுகளாகக் கார் பட்டறை நடத்துகிறேன். அந்த எஸ்டிமேட்டைப் படித்ததும் எனக்குத் தோன்றிய முதல் கேள்வி, அதில் ஓர் அளவாவது எழுதியிருக்கிறார்களா என்பதுதான். பேட் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம், டிஸ்க்கின் தடிமன் எவ்வளவு, டிரம்மின் உள்விட்டம் எவ்வளவு என்ற எண்கள் இல்லாத எஸ்டிமேட் வெறும் விலைப்பட்டியல்தான். பிரேக்கில் தேய்மானத்தைக் கண்ணால் பார்த்து ஊகிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பாகத்திற்கும் தயாரிப்பாளரே எல்லை வகுத்திருக்கிறார்.

பேட்டிலிருந்து தொடங்குவோம். உலோகத் தகட்டின்மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பொருள் புதிதில் ஏறக்குறைய 10 மி.மீ. இருக்கும்; அது 3 மி.மீ. அளவுக்கு இறங்கும்போது மாற்றத் திட்டமிட வேண்டும், 2 மி.மீ.க்குக் கீழே போக விடக்கூடாது. நீங்கள் சொல்லும் கீச்சொலி பெரும்பாலும் பேட்டின் ஓரத்தில் வைத்திருக்கும் சிறிய எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கில் உரசுவதால் வருவது. இந்த நிலையில் மாற்றினால் செலவு பேட்டோடு நிற்கும். கீச்சொலி மாறிக் கரகரவென்று இரும்பு அரைபடும் ஓசை வந்துவிட்டால், உராய்வுப் பொருள் முழுவதும் தீர்ந்து பின்தகடே டிஸ்க்கை அறுக்கிறது என்று பொருள். அதன் பிறகு நல்ல டிஸ்க்கும் வீணாகும், வண்டியும் நிற்காது. ஆகவே பேட் மாற்றத்தைத் தள்ளிப்போடவே கூடாது, அதுவும் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறவர் தள்ளிப்போடவே கூடாது. ஒரு சக்கரத்தில் மட்டும் தேய்ந்திருந்தாலும் வலது, இடது இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

டிஸ்க் கதை வேறு. அதன் நடுப்பகுதியிலோ ஓரத்திலோ, இதற்குக் கீழே பயன்படுத்தாதே என்ற குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். துரு மறைத்திருந்தால் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். எடுத்துக்காட்டாக 18 மி.மீ. என்று பொறித்திருந்து, அளக்கும்போது 19 வந்தால், அந்த டிஸ்க்கை மாற்றச் சொல்வதற்குக் காரணமே இல்லை, அது வளைந்தோ வெடித்தோ இல்லாதவரை. அளக்கும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. தேயாத வெளிவிளிம்பு கரைபோல உயர்ந்து நிற்கும் என்பதால், வெர்னியர் காலிப்பரை மேலிருந்து வைத்தால் அது அந்தக் கரையில் உட்கார்ந்து அதிக எண்ணைக் காட்டிவிடும். மைக்ரோமீட்டரைப் பேட் உரசும் இடத்தில் வைத்து, சுற்றிலும் நான்கைந்து புள்ளிகளில் எடுக்க வேண்டும். பிரேக் மிதிக்கும்போது ஸ்டியரிங் அதிர்கிறதா என்பதையும் கவனியுங்கள். அதிர்வு இருந்தால் டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறியிருக்கலாம். நீங்கள் அதைக் குறிப்பிடவில்லை, ஆகவே இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

பின்பக்கம் இன்னும் பொறுக்கும் என்பது என் கணிப்பு. பிரேக் மிதித்தால் வண்டியின் எடை முன்னால் சாய்வதால் நிறுத்தும் வேலையில் பெரும்பகுதியை முன்சக்கரங்களே செய்கின்றன. பின் ஷூக்கள் முன்பேட்டைவிட நெடுநாள் வரும். டிரம்மைக் கழற்றி, உள்ளே சேர்ந்த தூளை ஈரத்துணியால் துடைத்து (காற்றடித்து ஊத வேண்டாம், அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு), ஷூவின் மேலுள்ள உராய்வுப் பொருளான லைனிங் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். டிரம்மிலும் அதிகபட்ச உள்விட்டம் பொறித்திருக்கும். அங்கே நான் உண்மையில் அஞ்சிப் பார்ப்பது, ஷூவை டிரம்மின்மேல் தள்ளும் வீல் சிலிண்டரைத்தான். அதன் ரப்பர் மூடியைச் சற்றுத் தூக்கிப் பார்க்கும்போது உள்ளே ஈரம் தெரிந்தால் கசிவு. கசிந்த ஆயில் ஷூவில் பட்டால் அந்த ஷூ பயனற்றது. கசிவு இல்லை, லைனிங் இருக்கிறது என்றால் அட்ஜஸ்ட் செய்து மூடிவிடலாம்.

பிரேக் ஆயில் மாற்றத்தை மட்டும் வெட்டாதீர்கள். அந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும். டாட் 3 வகைக்குப் புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் கொதிநிலை வேண்டும் என்பது தரவிதி. ஈரமேறிய நிலைக்கு அதே விதி கேட்பது 140 டிகிரிதான். டாட் 4 வகைக்கு இவ்வெண்கள் 230, 155. மலையிறக்கத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் வருகிறவருக்கு அந்தச் சூட்டில் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால், பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது மாற்றுவது பொதுவான பரிந்துரை. உங்கள் காரின் கையேட்டில் எந்த வகை சொல்லியிருக்கிறதோ அதையே ஊற்றச் சொல்லுங்கள். டாட் 5 என்பது சிலிக்கோன் வகை, அதை இவற்றோடு கலக்கவே கூடாது.

கேலிப்பர் ‘சுத்தம் செய்ய’ 1,300 என்று தனியே போட்டிருப்பது எனக்கு மிகையாகப் படுகிறது. பேட் மாற்றும்போது, அதைப் பிடித்து டிஸ்க்கில் அழுத்தும் கேலிப்பரை எப்படியும் கழற்றியாக வேண்டும். கேலிப்பர் நகர்வதற்கான வழுக்குப் பின்களைத் துடைத்து, அதற்குரிய சிலிக்கோன் கிரீஸைத் தடவுவது அந்த வேலையின் ஒரு பகுதி. சாதாரண வீல் கிரீஸைத் தடவினால் ரப்பர் உப்பி அந்த வழுக்குப் பின் இறுகிவிடும், அதை மட்டும் கண்காணியுங்கள். உள்பேட்டும் வெளிப்பேட்டும் ஒரே அளவில் தேய்ந்திருக்கின்றனவா என்று பழைய பேட்டுகளைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஒன்று தடிப்பாகவும் மற்றொன்று காகிதமாகவும் இருந்தால் வழுக்குப் பின் இறுகியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புதுப் பேட் போட்டால் அதுவும் சீக்கிரம் தீரும்.

---

மலைச்சாலைப்பயணி:

மேலே ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நான் குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் வாரந்தோறும் இறங்குபவன். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குவது என்ற பழைய ஓட்டுநர்களின் வழக்கத்தைக் கடைப்பிடித்தாலே பேட்டின் ஆயுள் கண்கூடாக நீளும். கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு எரிபொருள் மிச்சம் என்று நினைத்து இறங்குகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் பாய்ச்சலே பெரும்பாலும் நின்றுவிடும் என்பதால் அந்த மிச்சமும் பொய், பிரேக்கும் வீண்.

டிஸ்க் விஷயத்தில் மட்டும் எனக்குச் சிறு மாறுபாடு உண்டு. எல்லையிலிருந்து அரை மி.மீ. மட்டுமே மிச்சம் என்றால், மலைப்பாதைக்காரர் புதுப் பேட்டோடு டிஸ்க்கையும் மாற்றிவிடுவதே நல்லது. மெலிந்த டிஸ்க் சூட்டைத் தாங்கும் அளவு குறைவு.

---

தவணைக்கணக்கு:

வாகனக் கடன் பிரிவில் பணியாற்றியவன் என்ற முறையில் இரண்டாம், மூன்றாம் ஐயங்களுக்குப் பதில் எழுதுகிறேன்.

அடமானப் பதிவு இருப்பதால் கார் நிதி நிறுவனத்திற்குச் சொந்தமாகிவிடவில்லை. நீங்களே பதிவுபெற்ற உரிமையாளர். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 51ஆவது பிரிவு, அத்தகைய வாகனத்தை நிதி கொடுத்தவரின் எழுத்துபூர்வ ஒப்புதலின்றி இன்னொருவர் பெயருக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. 52ஆவது பிரிவு, ஆர்.சி.யில் எழுதப்பட்ட விவரங்கள் மாறும் அளவுக்கு வாகனத்தை மாற்றியமைப்பதைப் பற்றியது. எஞ்சின் மாற்றுவது, சி.என்.ஜி. பொருத்துவது போன்றவற்றுக்கு அனுமதி வேண்டும், நிதி நிறுவனத்தின் ஒப்புதலும் வேண்டும். தேய்ந்த பேட்டுக்குப் பதிலாகப் புதுப் பேட் போடுவது மாற்றியமைத்தல் ஆகாது, அது பராமரிப்பு. சொல்லப்போனால் கடன் ஒப்பந்தங்களில் வழக்கமாக இருப்பது இதற்கு நேர்மாறான நிபந்தனை: வாகனத்தை நல்ல இயங்கு நிலையில் வைத்திருப்பது கடன் வாங்கியவரின் கடமை. எந்தப் பட்டறையில் பழுதுபார்க்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் வரி உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். நான் பார்த்த செகண்ட் ஹேண்ட் கார்க் கடன் ஒப்பந்தங்கள் எதிலும் அப்படி இருந்ததில்லை.

இன்சூரன்ஸில் கவனம் தேவை. தேய்மானத்தால் வரும் செலவு எந்தப் பாலிசியிலும் கிடைக்காது. பாகத்தின் பழமைக்காக இழப்பீட்டைக் குறைக்காத ‘சீரோ டிப்ரிசியேஷன்’ சேர்த்திருந்தாலும் அது விபத்துச் சேதத்திற்கு மட்டுமே. ஆனால் வாகனத்தைச் சீராக வைத்திருக்க உரிமையாளர் நியாயமான முயற்சிகள் அனைத்தையும் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை மோட்டார் பாலிசிகளில் இருக்கிறது. பிரேக் தீர்ந்த வண்டி மோதி, சேதத்தை மதிப்பிட வரும் இன்சூரன்ஸ் சர்வேயர் பேட்டைக் கழற்றிப் பார்த்தால் அந்த நிபந்தனையைக் காட்டி உங்கள் சொந்தச் சேதத்திற்கான இழப்பீட்டில் அவர்கள் வாதிட இடம் உண்டாகிறது. இதோடு, குறைபாடு இருப்பதை அறிந்தும் வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டுவது அதே சட்டத்தின் 190ஆவது பிரிவின்படி தண்டனைக்குரியது. வெளி மெக்கானிக்கிடம் செய்தாலும், பாகத்தின் பெயர், பார்ட் நம்பர், கிலோமீட்டர் அளவு, தேதி எல்லாம் எழுதிய ஜி.எஸ்.டி. பில் வாங்கி வைத்துக்கொண்டால் நீங்கள் பராமரித்ததற்கு அதுவே சான்று. பில் இல்லாமல் செய்தால் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய எஸ்டிமேட்டை வைத்துப் பேசுகிறார்களா என்பதையும் பாருங்கள்.

டாப்-அப் கடனைப் பற்றி என் கருத்து கடுமையானது. 19,400 ரூபாயை 15 சதவீத வட்டியில் 36 மாதங்களுக்குக் கூட்டிக்கொண்டால் மாதம் சுமார் 672 ரூபாய், மொத்தம் 24,200 ரூபாய்க்குச் சற்று மேலே. செயல்பாட்டுக் கட்டணம் தனி. வாங்கிய பேட் மலைப்பாதையில் தேய்ந்து முடிந்த பிறகும் அதற்கான தவணை ஓடிக்கொண்டிருக்கும். அது மட்டுமன்று, டாப்-அப் வாங்கினால் அந்தத் தொகை தீரும் வரை ஆர்.சி.யில் உள்ள அடமானத்தை நீக்க நிதி நிறுவனத்தின் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) கிடைக்காது. கிரெடிட் கார்டில் ‘வட்டியில்லாத் தவணை’ என்று விளம்பரப்படுத்துவதிலும், வட்டித் தொகைக்கான 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் செயல்பாட்டுக் கட்டணமும் உங்கள் தலையில்தான் விழும். ஆயினும் மூன்று மாதத்திற்குச் சிறு தொகை என்றால் அது டாப்-அப்பைவிட மலிவு. வீட்டில் நகை இருந்தால் கூட்டுறவு வங்கியிலோ பொதுத்துறை வங்கியிலோ சிறு நகைக்கடன் வைத்து இரண்டு மூன்று மாதத்தில் மீட்பது நம் ஊர்க் குடும்பங்களுக்குப் பழகிய வழி, வட்டியும் குறைவு.

இம்மாதத் தவணையை விட்டுவிட்டுப் பிரேக்கைச் சரிசெய்யலாமா என்று மட்டும் எண்ண வேண்டாம். வங்கிக் கணக்கில் பணமின்றித் தவணை திரும்பினால் உங்கள் வங்கி ஒரு கட்டணமும், நிதி நிறுவனம் ஒரு கட்டணமும் பிடிக்கும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2024 ஏப்ரல் முதல், தாமதத்திற்கான தண்டத்தை வட்டியில் ஏற்றாமல் தனிக் கட்டணமாகவே வாங்க வேண்டும், அதன்மேல் வட்டி போடக்கூடாது என்பது உண்மைதான்; அதனால் கட்டணம் இல்லாமல் போய்விடவில்லை, கடன் மதிப்பெண்ணில் விழும் கறையும் நீங்கிவிடவில்லை. சம்பளத் தேதிக்கும் தவணைத் தேதிக்கும் இடையில் இழுபறி இருக்கிறது என்றால், தேதியை மாற்றித் தரச் சொல்லி முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

---

புதுவண்டிக்காரர்:

இழையை இடைமறிப்பதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். என் கார் 2024 மாடல், அதுவும் கடனில் இருக்கிறது, கம்பெனி வாரண்டியும் இருக்கிறது. வெளியே பேட் மாற்றினால் வாரண்டியே போய்விடும் என்று சர்வீஸ் சென்டரில் சொல்கிறார்கள். உண்மையா?

---

தவணைக்கணக்கு:

முழு வாரண்டியும் போய்விடும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது சரியன்று. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்கள்மீது வழங்கிய உத்தரவில், உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்காமல் செய்ததற்காக மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம் விதித்தது. வெளிப் பட்டறைக்குப் போனார் என்ற ஒரே காரணத்திற்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக நீக்கும் நிபந்தனை கூடாது, வெளியே நடந்த தவறான வேலையால் ஏற்பட்ட சேதத்திற்கு மட்டுமே மறுக்கலாம் என்றும் அதில் சொல்லப்பட்டது. அந்த உத்தரவுக்கு எதிராக மேல்முறையீடுகள் நீண்டன என்பதால், அதைக் கையில் பிடித்துக்கொண்டு சண்டைக்குப் போகச் சொல்லமாட்டேன். நடைமுறை வழி ஒன்று: பேட் தேயும் பாகம் என்பதால் வாரண்டியில் எப்படியும் வராது; ஆனால் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு வரும். வாரண்டிக் காலம் முடியும் வரை பிரேக் ஆயில் மாற்றத்தையாவது அங்கேயே செய்துகொள்வது வீண் வாதத்தைத் தவிர்க்கும்.

---

கொடிவேரியான்:

அனைவருக்கும் நன்றி. இரண்டு கேள்விகள் மிச்சம் இருக்கின்றன. கம்பெனி முத்திரை இல்லாத பேட் என்றால் எந்தத் தயாரிப்பை நம்பலாம்? டிஸ்க்கில் கீறல் இருந்தால் லேத்தில் கடைந்து பயன்படுத்தலாம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார், அது சரியா? பேட்டை நானே வீட்டில் மாற்றிக்கொண்டால் கூலி மிச்சமாகுமே என்றும் அவர் சொல்கிறார்.

---

பட்டறைத்திண்ணை:

பேட்டைப் பொறுத்தவரை நம் மாநிலத்தார்க்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. இந்தியாவில் ஓடும் வண்டிகளுக்குப் பிரேக் பாகங்கள் செய்யும் பெரிய நிறுவனங்கள் பல சென்னையிலேயே இருக்கின்றன: பாடியில் பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், அம்பத்தூரில் ரானே. கார்க் கம்பெனிகளுக்குப் பாகம் கொடுக்கும் இத்தகைய தயாரிப்பாளர்கள் தங்கள் சொந்தப் பெயரிலும் வெளிச்சந்தைக்கு விற்கிறார்கள், டி.வி.எஸ். கர்லிங், ரானே, பாஷ் போன்ற பெயர்களில் உங்கள் மாடலுக்கான பேட் இருக்கிறதா என்று நல்ல ஸ்பேர் கடையில் கேளுங்கள். கார்க் கம்பெனியின் ஒரிஜினல் பேட்டையே சர்வீஸ் சென்டருக்கு வெளியே, அங்கீகாரம் பெற்ற உதிரிபாக விற்பனையாளரிடம் எம்.ஆர்.பி. விலையில் வாங்கி மெக்கானிக்கிடம் கொடுப்பதும் ஒரு வழி. எதுவாயினும் பெட்டியில் எம்.ஆர்.பி., தயாரித்த மாதம், ஆண்டு, தயாரிப்பாளர் முகவரி தெளிவாக அச்சாகியிருக்க வேண்டும். பேட்டின் பின்தகட்டிலும் குறியீடு பொறித்திருக்க வேண்டும். ஒரிஜினல் பெட்டியைப் பார்த்து அப்படியே அச்சடித்த டூப்ளிகேட் சந்தையில் தாராளமாகப் புழங்குகிறது. எழுத்து மங்கலாகவும், எம்.ஆர்.பி.யில் பாதி விலைக்குத் தருவதாகவும் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பழைய பாகங்கள் விற்கும் உக்கடத்திலும் புதுப்பேட்டையிலும் கதவு, விளக்கு, கண்ணாடி எல்லாம் வாங்கலாம். பேட்டும் ஷூவும் அங்கே வாங்கும் பொருள் அல்ல. செராமிக் பேட் என்று விலை உயர்ந்ததை யாராவது புகழ்ந்தால், உங்கள் காருக்கு அது தேவையில்லை.

லேத்தில் கடைவது தவறன்று, கணக்கு ஒத்துவந்தால். கடைசலில் இரண்டு பக்கமும் உலோகம் போகிறது. கடைந்த பிறகும் பொறித்த குறைந்தபட்சத் தடிமனுக்கு மேலே போதிய அளவு மிச்சம் இருக்க வேண்டும், 19 மி.மீ. உள்ளதைக் கடைந்து 18.2 ஆக்கினால், கூலி கொடுத்து டிஸ்க்கின் ஆயுளைக் குறைத்தவராவீர்கள். நகத்தில் தட்டுப்படாத மெல்லிய கோடுகளுக்குக் கடைசலே வேண்டாம், புதுப் பேட் தானாக அதில் படிந்துகொள்ளும். ஆழமான பள்ளமோ அதிர்வோ இருந்தால்தான் லேத், அப்போதும் டிஸ்க் பிரேக் கடைந்து பழகியவரிடம்.

நீங்களே மாற்றுவதைப் பற்றி: வேலை கடினமானதன்று, ஆனால் கற்றுக்கொள்வதை மலைப்பாதை வண்டியில் தனியாகத் தொடங்க வேண்டாம். கேலிப்பரை ரப்பர்க் குழாயில் தொங்கவிடுவது, பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே உள்ள டப்பாவில் ஆயில் வழிந்து பெயிண்டைத் தின்பது, பேட் மாட்டிய பிறகு பெடலைப் பலமுறை மிதித்து இறுக்கம் வராமலேயே வண்டியை நகர்த்துவது, இவையெல்லாம் புதியவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பவை. கடைசியாகச் சொன்னது உயிருக்கே ஆபத்து, முதல் மிதியில் பிரேக் இருக்காது. பக்கத்தில் நின்று பாருங்கள், அடுத்த முறை செய்யலாம்.

---

கொடிவேரியான்:

நேற்று கோபியில் அறிமுகமான மெக்கானிக் ஒருவரிடம் நான்கு சக்கரங்களையும் கழற்றிப் பார்த்தோம். முன்பேட் எச்சரிக்கைத் தகட்டைத் தொட்டிருந்தது, உள்ளும் வெளியும் சமமாகவே தேய்ந்திருந்தது. டிஸ்க்கில் பொறித்த எல்லை 18 மி.மீ.; எங்கள் அளவில் இரண்டு பக்கமும் 19.1 வந்தது, நகத்தில் தட்டுப்படும் பள்ளம் எதுவும் இல்லை. பின் ஷூவில் லைனிங் தாராளமாக இருந்தது, டிரம் எல்லைக்குள், வீல் சிலிண்டரில் கசிவு இல்லை. பிரேக் ஆயில் மட்டும் தேநீர் நிறத்தில் இருந்தது.

ஆகவே முன்பேட் 1,950 ரூபாய், டாட் 4 ஆயில் இரண்டு புட்டி 600, கிரீஸ் உட்படக் கூலி 1,000, மொத்தம் 3,550 ரூபாய்க்கு வேலை முடிந்தது, பில்லும் வாங்கிவிட்டேன். டாப்-அப் வேண்டாம் என்று நிதி நிறுவனத்திற்குச் சொல்லிவிட்டேன். பெடல் உறுதியாக இருக்கிறது. ஆனால் நிறுத்தும் வலிமை முன்பைவிடச் சற்றுக் குறைவாகத் தோன்றுகிறதே, இது இயல்பா? ஞாயிறன்று தாளவாடி போக வேண்டும்.

---

பட்டறைத்திண்ணை:

இயல்புதான். புதுப் பேட்டின் முகம் பழைய டிஸ்க்கின் மேடுபள்ளத்தில் முழுவதும் படிய முதல் 200, 300 கிலோமீட்டர் ஆகும். அதுவரை திடீரென்று அழுத்தி நிறுத்தாமல், 50, 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மிதமாகக் குறைத்துக் குறைத்து, இடையில் ஆறவிட்டு ஓட்டுங்கள். படியும் முன்பே நீண்ட இறக்கத்தில் சூடேற்றினால் பேட்டின் முகம் கண்ணாடிபோல் வழவழப்பாகி, பிடிப்பு நிரந்தரமாகக் குறைந்துவிடும். இந்த ஞாயிறு தாளவாடிக்குப் பண்ணாரியிலிருந்து பேருந்தில் போய்வாருங்கள், அல்லது பயணத்தை ஒரு வாரம் தள்ளி வையுங்கள்; அதற்குள் கோபி, சத்தி, ஈரோடு என்று சமதளத்தில் ஓடினால் போதும். அந்தத் தூரம் ஓடிய பிறகும் பிடிப்பு வராமலிருந்தாலோ, பெடல் மெத்தென்று இறங்கினாலோ பிரேக் குழாயில் சிக்கிய காற்றை மீண்டும் வெளியேற்றச் சொல்லி மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

உங்கள் டிஸ்க்கில் 1.1 மி.மீ. மிச்சம் இருப்பதால் இந்தப் பேட் தீரும்போது அதையும் மாற்ற நேரலாம். மாதம் ஒரு சிறு தொகையை அதற்கென்று இப்போதே ஒதுக்குங்கள்; அடுத்த சர்வீஸில் தடிமனை மறுபடியும் அளந்து, வந்த எண்ணைப் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.